தலைவர் வீட்டுக்காரர்

பை மடியிலயே இருக்கட்டும்ண்ணே, கீழ வச்சா கவுந்துரும். எள்ளுருண்டை இருக்கு, தேங்காயெண்ணெ இருக்கு, இன்னும் என்னென்னமோ வச்சுக் கட்டியிருக்கா. உள்ள என்ன இருக்குன்னு எனக்கே முழுசாத் தெரியாது. வாசல்ல செருப்ப மாட்டிக்கிட்டு நிக்கிறேன், கையில குடுத்து "இந்த வாரம் நீங்க போங்க"ன்னா. சரின்னு பஸ் ஏறிட்டேன்.

நீங்களும் பையும் கையுமா இருக்கீங்க. ஞாயித்துக்கெழம காலையில புதுக்கோட்ட பஸ்ஸுல இப்புடிப் பையோட ஏறுனா ஒண்ணு ஆஸ்பத்திரி, இல்லாட்டி அந்தத் தங்கிப் படிக்கிற கவர்மெண்டு பள்ளிக்கூடம். அங்கதானா? பாத்தீங்களா! பையனா, என்ன படிக்கிறான்? பதினொண்ணா? நல்லாருக்கட்டும். எம்மக ஒம்பதாவது. கனிஷ்கா. வீட்டுல கனி.

நீங்க மாசாமாசம் போவீங்களாக்கும். நான் போனதில்லண்ணே. இதான் மொத தடவ. சேத்ததுலேருந்து அவ அம்மாதான் போயிட்டு வர்றா. நானா போகவும் இல்ல, வாங்கன்னு யாரும் கூப்புடவும் இல்ல. இன்னைக்கி என்னமோ, "புள்ள ஒங்களத்தான் வரச் சொல்லிச்சு"ங்கிறா. எதுக்குன்னு கேட்டேன். போய்க் கேட்டுக்கங்கன்னுட்டா. ஆண்டு விழாவுக்கு மைக் செட்டு தேவப்படுதோ என்னமோ. நம்ம தொழிலு அதானே.

எம் பேரு அடைக்கலம். செங்கமாரி, அறந்தாங்கிக்கு இந்தப் பக்கம். மைக் செட்டு அடைக்கலம்னா சுத்துப்பட்டுல சின்னப் புள்ளகூட வழி காட்டும். கனி ஆடியோஸ். மக பொறந்தப்ப போர்டு மாத்துனேன். காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம், எது நடந்தாலும் ஸ்பீக்கர் குழாக் கட்டுறது நாந்தான். ரெண்டு கட்சிக்கும் ஒரே குழாயத்தான் கட்டுவேன். காலையில அவன் திட்டுவான், சாயங்காலம் இவன் திட்டுவான். எனக்கென்ன.

இப்ப மட்டும் என்னான்னே தெரியலண்ணே. ரெண்டு மூணு மாசமா செட்டக் கட்டி, மைக்க எடுத்து "ஹலோ ஹலோ"ங்கிறேன், குழாயில என் கொரலு வருது, ஊரே திரும்பிப் பாக்குது, எனக்கு மட்டும் வேற எவனோ பேசுற மாதிரி இருக்கு. டாக்டர்ட்ட காமிச்சேன். காது நல்லாத்தான் இருக்குன்னுட்டார். சாப்புட்டா ருசி இல்ல. யாரு மேலயும் கோவமும் வரல. கோவம் வந்தாக்கூட தேவலாம் போல இருக்கு. மரத்துப் போச்சு, அவ்வளவுதான்.

நான் பள்ளிக்கூடத் தலைவரா இருந்தவன்ணே. சிரிக்காதீங்க. வாத்தியார் இல்ல. பெத்தவங்கள்லாம் சேந்து பள்ளி மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு வச்சிருக்காங்கல்ல, எங்க ஊரு அரசு உயர்நிலைப் பள்ளியில, அதுல தலைவர். அதாவது, பேரு எங்க வீட்டுல பேரு. அது ஒரு விதி. அங்க படிக்கிற புள்ளையோட அம்மாதான் தலைவரா இருக்கணுமாம். எவன் வச்சானோ. ஆனா ஊர்ல யாரக் கேட்டாலும் தலைவருன்னா நாந்தான். டீக்கடையில "தலைவருக்கு ஒரு ஸ்ட்ராங்"னுதான் சொல்லுவான்.

சும்மா வந்த பதவி இல்லண்ணே அது. எத்தன எலக்சன் நின்னு, எத்தன தடவ மண்ணக் கவ்வி வந்தவன் நான். மொதல்ல வார்டு மெம்பருக்கு நின்னேன். கல்யாணமான புதுசு. ஊருக்கே குழாக் கட்டுறவன், எனக்கு நானே குழாக் கட்டி நாள் பூராப் பேசுனேன். தொண்ட கட்டிப் போச்சு. சோலைமலைன்னு ஒருத்தன், எனக்கு மச்சான் மொறை, அவன் ஒரு வார்த்த பேசல. வீடு வீடாப் போயி கையெடுத்துக் கும்புட்டுட்டு வந்துட்டான். அவன்தான் ஜெயிச்சான். அடுத்த தடவ பாத்தா எங்க வார்டு பொம்பளைக்குன்னு ஒதுக்கிட்டாங்க. சரி, எங்க வீட்டுல நிப்பாட்டுவோம்னு போனேன். இளஞ்சியம், அவ பேரு. "எனக்கு எதுக்குங்க"ன்னா. "நீ நில்லு, நான் பாத்துக்கறேன்"னேன். நின்னா. தோத்தா. அவ மூஞ்சியில வருத்தமே இல்ல, சமைக்கப் போயிட்டா. எனக்குத்தான் ஒரு வாரம் வெளிய தல காட்ட முடியல. அப்பறம் கூட்டுறவு சங்கத்துக்கு மனு குடுத்தேன், தள்ளுபடி பண்ணிட்டான். கோயில் கமிட்டிக்கி கேட்டேன், "நீ மைக்க மட்டும் பாரு அடைக்கலம்"னுட்டாங்க.

மைக்க மட்டும் பாரு. என்ன பேச்சுண்ணே அது? எவன் எவனோ என் மைக்குல வந்து தலைவரே தலைவரேன்னு பேசிட்டுப் போறான், நான் ஓரமா நின்னு சவுண்ட ஏத்தி எறக்கிக்கிட்டே இருக்கணுமாம்.

அப்பதான் இந்தப் பள்ளிக்கூடக் குழு எலக்சன் வந்துச்சு. கனி ஏழாவது படிச்சிட்டிருந்தா. பெத்தவங்களை எல்லாம் மரத்தடியில கூப்பிட்டாங்க. மைக் செட்டு நம்மளுது. தலைமையாசிரியை எஸ்தர் டீச்சர் விதியெல்லாம் வாசிச்சாங்க. இந்தப் பக்கம் எங்க வீட்டுல, அந்தப் பக்கம் சோலைமலை பொண்டாட்டி. கூட்டத்தப் பாத்தா பாதிக்கு மேல அவங்க ஆளு. இதுவும் போச்சுடான்னு நெனச்சேன். அப்பப் பாத்து ஒரு வேன் வருது ரோட்டுல, மஞ்ச வேன், இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல் வேன். அதுலேருந்து யாரு எறங்குறாங்கிறீங்க? சோலைமலை மகன்! அந்த மாசந்தான் கமுக்கமா அங்க மாத்தியிருக்கான். விடுவனா? மைக்கத் தட்டி எடுத்தேன். "அன்பார்ந்த பெற்றோர்களே, இந்தப் பள்ளியில புள்ள படிக்காதவங்க இந்தப் பள்ளிக்குத் தலைவரா நிக்கக் கூடாது. இது சட்டம்"னு ஒரு போடு போட்டேன் பாருங்க. குழாய ஊரப் பாத்துத்தான் கட்டியிருந்தேன். கம்மாக்கரை வரைக்கும் கேட்டிருக்கு. சோலைமலை மூஞ்சியில ஈயாடல. எஸ்தர் டீச்சரும் "ஆமா, அது விதிதான்"னுட்டாங்க. எதிர்ப்பே இல்லாம ஜெயிச்சோம்.

அன்னைக்கி ராத்திரி எனக்கு சோறு எறங்கல சந்தோசத்துல. இளஞ்சியத்துக்கிட்ட, "பாத்தியா புள்ள, ஒரே வாக்கியம்"னேன். "ம்"ன்னா.

ரெண்டு வருசம் ஓடுனதே தெரியல. மாசக் கூட்டம்னா நாந்தான் போவேன். எஸ்தர் டீச்சர் மொதல்ல, "அம்மா வரலையா சார்?"னு கேப்பாங்க. "அதுக்கு மேலுக்கு முடியல, நான் சொல்லிக்கிறேன்"பேன். அப்பறம் கேக்குறதையே விட்டுட்டாங்க. தீர்மானத்த வீட்டுக்குக் கொண்டாந்து கையெழுத்து வாங்கிட்டுப் போவேன். நான் வெரலு வச்சுக் காட்டுற எடத்துல போடுவா. என்ன ஏதுன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டா. அவ்வளவு நம்பிக்க எம்மேல.

பொம்பளப் புள்ளைகளுக்குக் கக்கூஸு கட்டுனோம். மனு மேல மனு போட்டு வாங்குனது. செவத்துல கல்லு பதிச்சோம், "தலைவர் இளஞ்சியம் அடைக்கலம்"னு. அடைக்கலத்தக் கொஞ்சம் பெருசா வெட்டச் சொன்னேன். ஆம்பளைக அந்தப் பக்கம் போகக்கூடாதுன்னுட்டாங்க, அதனால நானே அத ஒரு தடவதான் பாத்திருக்கேன். இருந்தாலும் இருக்குல்ல.

அவ என்ன செஞ்சாங்கிறீங்களா? அவ என்னத்த செஞ்சா. மத்தியானமானா சத்துணவுக் கூடத்துக்குப் போயி சாம்பார ஒரு கரண்டி வாயில விட்டுப் பாத்துட்டு வருவா. தண்ணியா இருந்தா அங்கயே ஒக்காந்துக்குவா, அவங்க திரும்பப் பருப்பு வேகப் போடுற வரைக்கும். வாய் தொறக்க மாட்டா, சும்மா ஒக்காந்திருப்பா. எனக்கு மானம் போகும். தலைவர் வீட்டம்மா அடுப்படியில ஒக்காரலாமா? அப்பறம் பத்தாவது படிக்கிற ஒரு புள்ளைக்குக் கல்யாணம் பண்ண ஏற்பாடு நடந்துச்சு, தெக்குத் தெருவுல. இவ போயி அவங்க வாசல்ல ஒக்காந்துட்டா. காலையில போனவ, வெளக்கு வச்சு வர்றா. "என்ன புள்ள சொன்ன அங்க?"ன்னேன். "ஒண்ணும் சொல்லல"ங்கிறா. மறுநாளு அந்தப் புள்ள யூனிபாரத்தோட ஸ்கூலுக்குப் போவுது. நல்ல மனசு அந்தக் குடும்பத்துக்கு, அவங்களாவே மாத்திக்கிட்டாங்க.

இப்படியெல்லாம் நல்லாத்தான் போச்சுண்ணே. எங்க வந்து முட்டுச்சுன்னா, இந்தப் பரிச்சையில.

நம்ம புள்ளைகள்ல நல்லாப் படிக்கிறதப் பொறுக்கி எடுத்து, இந்தத் தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறதுக்கு பரிச்சை வச்சாங்கல்ல, ஒங்க பையனும் எழுதியிருப்பான். கனியும் எழுதுனா. நான் சும்மா எழுதட்டும்னு விட்டேன். ஒரு நாளு எஸ்தர் டீச்சர் கடைக்கே வந்துட்டாங்க. "சார், கனிஷ்காவுக்குக் கெடச்சிருச்சு! நம்ம பள்ளியிலயே அவ ஒருத்திதான். சாப்பாடு, துணி, புஸ்தகம் எல்லாம் அரசாங்கம்"னு. எனக்கும் சந்தோசந்தான். பெத்த புள்ளையாச்சே. டீ சொல்றேன் டீச்சர்னேன். ஒயரச் சுத்திக்கிட்டே யோசன வந்துச்சு. எட்டாவது முடிச்சு இவ அங்க போயிட்டா, ஒம்பதாவதுக்கு இங்க இருக்க மாட்டா. எங்களுக்கு ஒத்தப் புள்ள. ஜூலையில குழு எலக்சன் வருது.

அதுக்காகச் சொல்லலண்ணே. அப்புடி நெனச்சுறாதீங்க. பொம்பளப் புள்ள, தனியா எப்புடி இருக்கும்? ராத்திரி பயந்துக்கும். பத்தாவது வரைக்கும் இங்கயே படிக்கட்டுமே, ரெண்டு வருசந்தானே. நம்ம ஸ்கூலுக்கு என்ன கொறச்சல்? நாம பாத்துப் பாத்து செஞ்ச ஸ்கூலு. கக்கூஸு கட்டியிருக்கோம். தலைவர் மகளே வேற பள்ளிக்கூடத்துக்குப் போனா ஊரு என்ன பேசும்? எலக்சன் அது ஒரு பக்கம் கெடக்கட்டும்.

"டீச்சர், புள்ள போகமாட்டேங்குது"ன்னேன். "அவகிட்ட இன்னும் நான் சொல்லவே இல்லையே சார்"னாங்க. "எனக்குத் தெரியும் எம்புள்ளைய. வீட்ட விட்டு இருக்காது. நீங்க அவகிட்ட சொல்லி மனசக் கலைக்காதீங்க. நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்"னேன். டீச்சர் டீயக் குடிக்கல. கிளாஸ அப்படியே வச்சுட்டுப் போயிட்டாங்க.

கனி தெனம் வந்து கேக்கும். "அப்பா, ரிசல்ட் வந்துருச்சாமே?" வரும்மா வரும், பெரிய பெரிய ஊருப் புள்ளைகள்லாம் எழுதியிருக்கும், நமக்குக் கெடைக்கலன்னா வருத்தப்படக் கூடாதும்பேன். "நான் நல்லாத்தானேப்பா எழுதுனேன்"னு கையப் பெசஞ்சுக்கிட்டு நிக்கும். அப்பறம் கேக்குறத நிறுத்திருச்சு. புத்தகத்தத் தொடல, டிவி முன்னாடி ஒக்காந்திருக்கும், டிவிய ஆன் பண்ணாம. புள்ளைக, ரெண்டு நாள்ல மறந்துரும்னு விட்டுட்டேன்.

ஏப்ரல் மாசம் எங்க அம்மன் கோயிலு திருவிழா. செட்ட விட்டுட்டு நகர முடியல. அன்னைக்கிப் பாத்து மாசக் கூட்டம். இளஞ்சியத்துக்கிட்ட, "போயி ஒக்காந்துட்டு வந்துரு. எதும் பேசாத. டீக் குடுத்தாக் குடி"ன்னு அனுப்புனேன். வாழ்க்கையில நான் விட்ட ஒரே கூட்டம் அது.

சாயங்காலம் கோயிலுக்கு சாப்பாடு கொண்டாந்தா. எல போட்டா. நான், "என்ன புள்ள நடந்துச்சு கூட்டத்துல?"ன்னேன். "ஒண்ணும் நடக்கல"ன்னா. எனக்கு ரசம் ஊத்துனா. நான் தின்னு முடிக்கிற வரைக்கும் எதுத்தாப்புல ஒக்காந்து என் மூஞ்சியையே பாத்தா. அன்னைக்கி அதெல்லாம் தெரியல. பின்னாடிதான் டீச்சர் சொல்லித் தெரியும். கூட்டத்துல எஸ்தர் டீச்சர் எந்திரிச்சு, "நம்ம தலைவர் மகளுக்கு எடம் கெடச்சும் அனுப்பலன்னுட்டாங்க, அது ஒண்ணுதான் எனக்கு வருத்தம்"னு எல்லாரு முன்னாடியும் சொல்லிருக்காங்க. இவ நான் சொன்ன மாதிரியே வாயத் தொறக்கலையாம். டீயக் குடிச்சிட்டு எந்திரிச்சு வந்துட்டாளாம்.

ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லண்ணே எங்கிட்ட? ஏன்டா இப்புடிப் பண்ணேன்னு சட்டையப் புடிச்சிருக்கலாம். நானும் நாலு வார்த்த பேசியிருப்பேன், அவளும் அழுதிருப்பா, முடிஞ்சிருக்கும். புருசன் பொண்டாட்டிக்குள்ள அதான் வழக்கம். அவ சோறாக்குறா, தொவைக்கிறா, நான் காட்டுன எடத்துல கையெழுத்துப் போடுறா. நான் என்னத்தக் கண்டேன்.

ஜூலையில எலக்சன். அதே மரத்தடி. காலையிலயே போயி செட்டக் கட்டிட்டேன். புதுசா வாங்குன ஆம்ப்ளிபயரு. குழா ரெண்டு, ரெண்டையும் ஊரப் பாத்துக் கட்டுனேன். இந்தத் தடவ சோலைமலைகூட வரல, எதுத்து நிக்க ஆளே இல்ல. மால ஒண்ணு வாங்கி சைக்கிள்ல மாட்டி வச்சிருந்தேன். எஸ்தர் டீச்சர் விதிய வாசிச்சிட்டு, "தலைவர் பதவிக்கு யாரு நிக்கிறீங்க?"ன்னாங்க. நான் இளஞ்சியத்த எந்திரின்னு கண்ணக் காட்டுனேன். எந்திரிச்சா. மைக்குக்கிட்ட வந்தா. மைக்க எடுத்துக் குடுத்ததே நாந்தாண்ணே. சவுண்டும் ஏத்தி வச்சேன், அவளுக்குக் கொரலு சின்னது, கேக்காதுன்னு.

அவ என்னப் பாக்கல. கூட்டத்தப் பாத்தா. "இந்தப் பள்ளியில புள்ள படிக்காதவங்க தலைவரா நிக்கக் கூடாதுன்னு போன தடவ எங்க வீட்டுக்காரரு இதே மைக்குல சொன்னாரு. எம்மக இங்க படிக்கல. முந்தா நாளு டி.சி. வாங்கிட்டேன். புதுக்கோட்டையில சேக்கப் போறோம். அதனால நான் நிக்க முடியாது. சத்துணவுல தெனம் ஒரு அம்மா போயி சாம்பாரப் பாருங்க." அவ்வளவுதான். மைக்க என் கையிலயே குடுத்துட்டுப் போயி ஒக்காந்துட்டா.

கம்மாக்கரை வரைக்கும் கேட்டிருக்கு. சோலைமலை கடையிலேருந்தே கேட்டுட்டு விழுந்து விழுந்து சிரிச்சானாம். மைக்கு ஆன்லயே இருந்துச்சு. நான் மூச்சு விடுறது ஊருக்கே கேட்டுச்சுன்னு அப்பறம் சொன்னாங்க.

டீச்சர்கிட்ட போயி சண்ட புடிச்சேன். "பெத்த அப்பன் நான் இருக்கேன், என் கையெழுத்து இல்லாம எப்புடி டி.சி. குடுத்தீங்க?"ன்னேன். "அம்மா கையெழுத்துப் போட்டாங்க சார், அது போதும்"னாங்க. "எடம் போயிருக்குமே, நாந்தான் வேணாம்னு சொல்லிட்டேனே"ன்னேன். "நீங்க வாயால சொன்னதோட சரி. எழுதிக் குடுங்கன்னு நான் கேக்கவும் இல்ல, மேல அனுப்பவும் இல்ல. ஒரு வேள மனசு மாறுவீங்கன்னு காத்திருந்தேன்"னாங்க. ரெண்டு பொம்பளைகளும் சேந்து கால வாரி விட்டுட்டாங்க. நான் காட்டாத எடத்துல அவ போட்ட மொதக் கையெழுத்து அதான்ணே. எனக்கு அதத்தான் ஜீரணிக்க முடியல.

வீட்டுக்கு வந்தா கனி பொட்டி கட்டிக்கிட்டு இருக்கு. நான் நெலப்படியில நிக்கிறேன். என்னப் பாத்துச்சு. திட்டுமோ, அழுமோன்னு இருந்தேன். "அப்பா, எனக்குக் கெடச்சிருந்துச்சாப்பா?"ன்னு மட்டும் கேட்டுச்சு. ஆமான்னேன். சட்டைய மடிச்சு உள்ள வச்சுச்சு. அந்த நிமிசத்துலேருந்துதாண்ணே இந்த மரத்துப் போனது. நல்லா ஞாபகம் இருக்கு. சட்டைய மடிச்சுச்சு, அப்பறம் எனக்கு ஒண்ணுமே தோணல.

இப்பல்லாம் டீக்கடையில "அடைக்கலம் வாப்பா"ங்கிறாங்க. ஞாயித்துக்கெழம புள்ள போன் பண்ணும். அம்மாகிட்ட சிரிச்சுச் சிரிச்சுப் பேசும், அடுப்படியில நிக்கிற எனக்குக் கேக்கும். அப்பறம் போன எங்கிட்ட குடுப்பா. "சாப்புட்டீங்களாப்பா?"ன்னு கேக்கும். சாப்புட்டேம்மாம்பேன். "சரிப்பா"ங்கும். அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் குழாக் கட்டிப் பேசுறவனுக்கு, பெத்த மககிட்ட பேச்சு வரல பாருங்க.

அது கெடக்கட்டும். நான் ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அங்கயும் இந்தக் குழு இருக்குமாண்ணே? பெத்தவங்க குழு? இருக்கும்ல. எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் உண்டுல்ல. ஒம்பதாவது, பத்து, பதினொண்ணு, பன்னெண்டு, நாலு வருசம் கனி அங்கதான். எனக்கு அனுபவம் இருக்கு. அங்க ஆளுக பூரா வெளியூரு, ஒருத்தருக்கொருத்தர் தெரியாது. எங்க வீட்டுல நிக்கச் சொன்னா...

என்ன? ஏற்கெனவே போட்டாச்சா? எப்ப? போன மாசமா?

அட, அப்புடியா. யாரு தலைவரு? எந்த ஊரு ஆளு? பெரிய எடமா இருக்கும். ஆபீசரு பொண்டாட்டி எதாச்சுமா?

ஒல்லியா, அறந்தாங்கிப் பக்கத்து அம்மா. ம். சாப்பாட்டுக் கூடத்துல போயி ஒக்காந்திருந்தாங்களா. சாம்பார ருசி பாத்தாங்களா. எல்லாரும் சேந்து கைதட்டி, நீங்களே இருங்கம்மான்னு... போட்டியே இல்லையா.

பேரு? ஞாபகம் இல்லன்னா விடுங்க. பரவால்ல. இளஞ்சியமா? போர்டுல இளஞ்சியம்னுதான் போட்டிருக்கா? பின்னாடி எதும் பேரு இல்லையா, வெறும் இளஞ்சியம் மட்டுமா.

போன மாசம் இங்க போயிட்டு வந்தவகிட்ட கேட்டேன்ணே. "என்ன புள்ள நடந்துச்சு அங்க?"ன்னு. செருப்பக் கழட்டிக்கிட்டே சொன்னா, ஒண்ணும் நடக்கலன்னு.

இல்லண்ணே, தண்ணி வேணாம். ஒண்ணும் செய்யல. வேர்க்குது, அவ்வளவுதான். சன்னலக் கொஞ்சம் தள்ளி விடுங்க.

ஸ்டாப்பு வருதா? இந்தப் பாலத்துக்கு அடுத்ததா? நீங்க முன்னாடி எறங்குங்க, நான் பைய எடுத்துட்டு வர்றேன். அண்ணே, ஒரு நிமிசம். கேட்டுல வாச்மேனு யாருன்னு கேப்பான்ல, நீங்க போயிருக்கீங்க, ஒங்களுக்குத் தெரியும். என்ன சொல்லணும்? தலைவர் வீட்டுக்காரருன்னு சொல்லட்டுமா? இல்ல, வேணாம். அத அவ சொல்லல, நானா சொன்னா நல்லாருக்காது. மைக் செட்டுக்காரருன்னா வெளியவே நிக்க வச்சுருவான்.

கனிஷ்கா அப்பான்னு சொன்னா உள்ள விடுவாங்களாண்ணே?